பதினான்கு நாள் கொப்பி

எங்கள் லயத்துக்கு வரும் கடிதங்களை எல்லாருக்கும் படித்துச் சொல்பவள் நான்தான். நமுனுகுல மலைச்சரிவில், தெமோதரை ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஏறினால் வரும் பன்னிரண்டு காம்பரா ஒரே வரிசையாக ஒட்டிய லயம் அது. ஓர் அறையும் முன்னால் ஒரு சின்ன வராந்தாவும் சேர்ந்தால் ஒரு காம்பரா. ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் என் வயதுப் பெண்களெல்லாம் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டார்கள். என்னை மட்டும் அப்பா பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அதனால் எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷும் நிறையத் தலைக்கனமும் வந்து சேர்ந்தன. கல்யாணச் சேதியோ சாவுச் சேதியோ, தபால் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்து படிப்பேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கெல்லாம் அப்பாதான் காரணம் என்று நான் பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் பாதிதான் உண்மை.

அப்பாவின் பாதியை முதலில் சொல்கிறேன். இந்தியாவும் இலங்கையும் எங்களைப் பங்கு போட்டுக்கொண்ட காலம். இத்தனை பேரை அவர்கள் எடுப்பது, இத்தனை பேரை இவர்கள் வைத்துக்கொள்வது என்று ஒப்பந்தம். அதுவரை எங்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள். இலங்கைக்கு ஒரு ஃபாரம், இந்தியாவுக்கு ஒரு ஃபாரம். ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். அக்காவை மடுல்சீமையில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் கணவன் வீட்டார் யோசிக்காமல் இலங்கை ஃபாரத்தை எழுதினார்கள். அப்பாவும் யோசிக்கவில்லை, இந்தியா ஃபாரத்தை வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கு அங்கே போய் வாழும் ஆசையெல்லாம் கிடையாது. போய்ப் பார்த்துவிட்டு வரும் ஆசை.

அது அவர் பரம்பரை கண்ட வழக்கம். அவருடைய அப்பாவும் தாத்தாவும் தோட்டத்தில் துண்டுச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். ஆறு மாதமோ ஒரு வருஷமோ இருந்து, ஒரு கல்யாணத்தை முடித்து, ஒரு வழக்கை இழுத்துவிட்டு, மறுபடி கப்பலேறி வந்து பழைய மலையிலேயே வேலைக்கு நிற்பார்கள். யாரும் ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை. பாஸ்போர்ட் என்பதை அப்பா அந்தத் துண்டின் புது உருவம் என்று நினைத்தார். இந்தியா போக இந்தியா பாஸ்போர்ட் வேண்டும், அது இந்த ஃபாரத்தை எழுதினால் கிடைக்கிறது, ரயிலும் கப்பலும் சர்க்கார் செலவு. இதை விட்டுவிட்டுக் குழம்பிக்கொண்டிருந்த மற்றவர்களைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு.

அக்கா வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது மெதுவாகச் சொன்னார். "மாமா, இது போறதுக்கு மட்டும் உள்ள ஃபாரம். வர்றதுக்கு இல்ல."

"கப்பலு திரும்பி வர்றப்ப வெறுங் கப்பலாவா வருது மாப்புள? அதுல ஏறி வந்துர வேண்டியதுதான்" என்றார் அப்பா.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஃபாரத்தை நிரப்பியது நான். பதினெட்டு தாண்டாத பிள்ளைகளின் பெயர் தகப்பனோடு சேரும் என்றிருந்தது. என் பெயரைச் சேர்த்தேன். அக்காவின் பெயரை எழுத இடமில்லை. இந்தியப் பிரஜையாகி அந்நாட்டில் குடியேற விரும்புகிறேன் என்ற வரியை அப்பாவுக்குச் சத்தமாகவே படித்துக் காட்டினேன். "அவங்க எழுதுற பாணி அப்படித்தான் பாப்பா. நீ எழுது" என்றார். எழுதினேன்.

பாஸ்போர்ட் வந்தது. சாமி படத்துக்குக் கீழே தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். நாலு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அப்பா அதை எடுத்துத் துணியால் துடைத்து வைப்பார்.

அந்த நாலு வருஷத்தில் அக்கா இரண்டு குழந்தைகளை இழந்தாள். இரண்டும் வயிற்றில் ஐந்தாம் மாதத்தில். இரண்டு முறையும் ஆள் வந்து சொல்லி, அம்மா பதுளைக்கு இறங்கி, பசறை பஸ் பிடித்து, மடுல்சீமை ரோட்டில் பஸ் நின்றுபோன இடத்திலிருந்து நடந்து போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அம்மா அந்த இரண்டு நடைகளைப் பற்றிப் பேசவே மாட்டாள். மூன்றாவது உண்டானபோது, ஐந்தாம் மாதம் தாண்டினால் பிள்ளை பிறப்பதற்கு முன்னால் பழனிக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று அப்பா வேண்டிக்கொண்டார். கார்த்திகையில் ஐந்தாம் மாதம் தாண்டியது. அதே கார்த்திகையில் இந்தியாவுக்குப் புறப்படச் சொல்லிச் சர்க்கார் கடிதமும் வந்தது.

முருகனே போட்ட கடிதம் என்றார் அப்பா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஆனால் காரணம் வேறு. எனக்குப் பதினேழு வயது. தீவில் பிறந்திருந்தும் கடலைப் பார்த்ததில்லை. பதுளையைத் தாண்டினால் பண்டாரவளை, அவ்வளவுதான் என் உலகம். ஆனால் தமிழ்நாடு எனக்கு மனப்பாடம். கடைகளில் சாமான் சுற்றிக் கொடுத்த பழைய பத்திரிகைத் தாள்களிலிருந்து கோயில் படங்களை வெட்டிச் சேர்த்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்து அட்லாஸில் ஒரு பக்கம் கழன்று விழ, அது தானாக விழுந்ததாகவே டீச்சரிடம் சாதித்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

கடிதம் வந்த அன்று சாயங்காலமே ஒரு புதுக் கொப்பியில் பயணத்தை எழுத ஆரம்பித்தேன். பதினான்கு நாள். முதல் நாள் ராமேஸ்வரம், இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, பிரகாரம் முழுக்க நடப்பது. இரண்டும் மூன்றும் மதுரை. நான்காம் நாள் பழனி, அப்பாவுக்கு மொட்டை. ஐந்து, ஆறு, திருச்சியும் ஸ்ரீரங்கமும், முசிறிப் பக்கம் அப்பாவின் சொந்தக்காரர் யாராவது உயிரோடிருந்தால் அவர்களும். அப்புறம் தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம். பத்தாம் நாள் மகாபலிபுரம், அங்கே கடலுக்குப் பக்கத்தில் கல்லிலேயே கோயில். பதினோராம் நாள் மெட்ராஸ். அட்லாஸ் பக்கத்தில் தையல் நூலை வைத்து ஊருக்கு ஊர் அளந்து மைல் போட்டேன். கன்னியாகுமரி மட்டும் எப்படி மடக்கினாலும் அடங்கவில்லை. அதற்காக ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன் என்று நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறையத் தோன்றுகிறது.

இனி என் பாதி.

கடிதம் இங்கிலீஷில், இரண்டு தாள். அப்பாவும் அம்மாவும் எதிரே உட்கார்ந்திருக்க நான் படித்தேன். முதல் பத்தியில் தை மாதக் கடைசியில் ஒரு தேதிக்குள் தலைமன்னாரில் கப்பலேற வேண்டும் என்றிருந்தது. இரண்டாவது பத்தியில் என்னென்ன காகிதம், என்னென்ன சாமான். மூன்றாவது பத்திக்கு வந்தபோது நான் நிறுத்தினேன். நீளமான வாக்கியங்கள். பாதி புரிந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. இந்தத் தேதியோடு நீங்கள் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி முடிகிறது. பிறகு இந்த நாட்டுக்குள் வர முடியாது. நோய், பிரசவம் போன்ற தக்க காரணம் இருந்தால் கடிதம் கிடைத்த முப்பது நாளுக்குள் எழுதித் தவணை கேட்கலாம். அகராதி பள்ளிக்கூடத்தில் இருந்தது. மறுநாள் போய்ப் பார்த்து முழுவதையும் தெரிந்துகொண்டேன். அது பிறகு. அந்த நிமிஷத்தில் நான் செய்தது, நான்காவது பத்திக்குத் தாவியது.

ஏன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். சொன்னால் அப்பா பயந்துவிடுவார், பயணம் நின்றுவிடும். தவணை கேட்டால் பிரசவம் முடியட்டும், பிள்ளை தவழட்டும் என்று தள்ளிக்கொண்டே போவார்கள். நான் கூடை தூக்க வேண்டி வரும். இது எல்லாம் என் மனதில் ஓடியது உண்மை. அப்பா சொன்ன கப்பல் கதையை நானும் அரைகுறையாக நம்பினேன் என்பதும் உண்மை. எழுதியிருப்பதெல்லாம் நடக்கவா போகிறது, யாராவது பெரிய மனுஷர் பேசி ஏதாவது செய்வார் என்று நினைத்துக்கொண்டேன். படித்த பெண்ணுக்கு இந்தச் சமாதானம் போதுமா என்று கேட்டால், அன்றைக்குப் போதுமாயிருந்தது.

அம்மாவுக்கு எழுத்து வாசனை இல்லை. ஆனால் அன்று இரவுச் சோற்றுக்கு மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டாள். "நீ கடுதாசியப் படிக்கிறப்ப நடுவுல ஒரு எடத்துல நிறுத்துனியே, அங்க என்னா போட்டிருக்கு?"

"சட்டம்மா. எல்லாருக்கும் போடுறதுதான்."

"நெசமாவா? கொழந்த பொறக்குறப்ப நான் அவ பக்கத்துல இருக்கணும் பாப்பா. ரெண்டு தடவையும் நான் போய்ச் சேரல."

"பதினாலு நாள்தாம்மா. கொப்பியில போட்டிருக்கேன். மாசி பொறக்குறதுக்குள்ள வந்துருவோம்."

அவள் தலையாட்டினாள். அதன்பிறகு யார் என்ன சொன்னாலும் அம்மாவின் பதில் ஒன்றுதான். "பாப்பா படிச்சிச்சு. அதுல அப்படி ஒண்ணும் இல்ல."

சொன்னவர்கள் நிறையப் பேர். ஆனால் யாரும் நேராகச் சொல்லவில்லை. முதலில் கங்காணி வந்தார். எங்கள் காம்பராவுக்குப் பின்னால் அம்மா போட்டிருந்த முட்டைக்கோவாத் தோட்டத்தைக் காலடியால் அளந்து பார்த்தார். அவரோடு கீழ் லயத்துக் குடும்பம் ஒன்று வந்திருந்தது. அந்தப் பெண் எங்கள் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, போறப்ப அடுப்பு மேடைய இடிச்சிராதீங்க, நல்லா கட்டியிருக்கீங்க" என்றாள். அம்மா சிரித்துவிட்டு, நாங்க வர்ற வரைக்கும் இருந்துக்க தங்கச்சி என்றாள். அந்தப் பெண் ஒரு நிமிஷம் அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் பெட்டி. பதுளையில் முஸ்லிம் முதலாளி ஒருவர் கடையில் அப்பா எப்போதும் சாமான் வாங்குவார். வாசலில் ஒரே அளவில் செய்த மரப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். முன்பு அங்கே அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கும். அரிசி கிடைக்காத காலமாகிவிட்டது. அப்பா ஒரு பெட்டியின் பூட்டை ஆட்டிப் பார்த்து, இது தாங்குமா என்று கேட்டார்.

"பூட்டப் பத்தி ஒருத்தரும் கொறை சொன்னதில்ல. இந்தப் பெட்டி வாங்குனவங்க யாரும் திரும்பி வந்ததில்லையே" என்றார் முதலாளி. சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெட்டிக்குள் வைத்துக்கொள்ள ஒரு சோப்புக் கட்டியை எடுத்து அப்பா கையில் திணித்தார்.

பக்கத்துத் தெருவில் படம் பிடிக்கும் கடை. பயணம் போகிறவர்கள் குடும்பத்தோடு போய் ஒரு படம் எடுத்துக்கொள்வது அப்போது வழக்கம். போகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், இருக்கிறவர்கள் பின்னால் நிற்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த மாதிரிப் படங்கள் வரிசையாக இருந்தன. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அக்காவை வரவழைத்து எடுக்கலாமா என்று அம்மா கேட்டாள். "போயிட்டு வந்து, பிள்ளையையும் வச்சு எடுத்துக்குவோம்" என்றார் அப்பா. எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கப் பிடிக்கவில்லை. வாங்கப்பா போகலாம் என்று இழுத்துக்கொண்டு வந்தேன். இன்றுவரை நாங்கள் நாலு பேரும் சேர்ந்த படம் ஒன்று கிடையாது.

பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில் அப்பாவின் பெயரைக் கூப்பிடவில்லை. ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் அந்த இடத்தில் முப்பது வருஷம் அவர் பெயருக்கு அவர் குரல் கொடுத்தவர். லீவுல போறவன் பேர எதுக்குக் கூப்புடணும் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். ஆபீஸில் கிளாக்கர் ஐயா அரிசிக் கூப்பன் புத்தகங்களைக் கேட்டார். மூன்றையும் கொடுத்துவிட்டு வந்து அதற்கும் ஒரு நியாயம் சொன்னார். "பதினாலு நாளு நாம இங்க சாப்புடப் போறதில்ல. புத்தகம் நமக்கு எதுக்கு?" முப்பது நாள் தவணை அதற்குள் முடிந்துபோயிருந்தது. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடிக்கொள்வதற்கு அந்த வயதில் எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்தது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் கொடுத்தது சோறு. லயத்தை விட்டு ஒரு குடும்பம் ஒரேயடியாகப் போகிறதென்றால், கடைசி வாரம் அவர்கள் வீட்டு அடுப்பை எரிய விடமாட்டார்கள். ஒவ்வொரு வேளைக்கு ஒரு காம்பராவிலிருந்து சோறு வரும். யாரும் முன்கூட்டிப் பேசி வைப்பதில்லை, வரிசை தானாக அமைந்துவிடும். முதல் நாள் பக்கத்துக் காம்பரா மதினி மூடிய சட்டியோடு வந்து நின்றபோது அம்மாவுக்குப் புரியவில்லை. பழனிக்குப் போகிறவர்களுக்கு மரியாதை என்று அப்பா விளக்கினார். சட்டியைத் திறந்தால் வெள்ளைச் சோறு. அவர்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள், மாதக்கணக்கில் கிழங்கும் ரொட்டியுமாக ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். அந்த அரிசியை எங்கிருந்து பிடித்தார்களோ. நாங்கள் சாப்பிடுவதை மதினி வராந்தாவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா மதினி இதெல்லாம், நாங்க வந்துருவோமே" என்றாள் அம்மா.

"ஆமாங்க மதினி, வந்துருவீங்க" என்றாள் அவள். எங்கள் அப்பா அழாமல் இருப்பதற்காக அப்படிப் பேசுகிறார், நாமும் அப்படியே பேசிவிடுவோம் என்று அந்தப் பன்னிரண்டு காம்பராவும் முடிவு செய்திருந்தது. எங்கள் மூவரில் எனக்கு மட்டும்தான் அவள் எதற்காக அழுகிறாள் என்று தெரியும். தின்றேன், அவ்வளவுதான். ஐந்து நாள் தின்றேன்.

போகிறவர்கள் வீட்டைக் காலி செய்து அம்மிக்கல்லைக்கூட விற்றுவிட்டுப் போவார்கள். அம்மா இரண்டு சேலையை மடித்து வைத்தாள், சொந்தக்காரர்களுக்குத் தேயிலைத்தூள் கட்டினாள், மீதியை அப்படியே விட்டாள். அக்காவின் பிரசவத்துக்கென்று பழைய வேட்டிகளைக் கிழித்து, வெந்நீரில் அலசி, காயவைத்து ஒரு மூட்டை கட்டியிருந்தாள். சுக்கும் மிளகும் தனியாக ஒரு முடிச்சு. அதை மதினியிடம் கொடுத்து, "எலி கடிக்காம மேல வைங்க, வந்த அன்னைக்கே எடுத்துக்கிட்டு மடுல்சீமைக்குப் போயிருவேன்" என்றாள்.

பதுளை ஸ்டேஷனிலேயே ரயிலேறினோம். அக்கா வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்ததால் தெமோதரையில் ஏறவில்லை. எட்டு மாத வயிற்றோடு அந்த மடுல்சீமை ரோட்டில் வந்திருந்தாள். அம்மா அவளைக் கண்டபடி திட்டினாள், திட்டிக்கொண்டே கூந்தலைப் பிரித்துப் பின்னிவிட்டாள். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எல்லாரும் என்னென்னமோ சொல்றாங்க. நீ படிச்சவ. நெசத்தச் சொல்லு. அம்மா வந்துருவாங்கல்ல?"

கொப்பியிலிருந்து ஒரு தாளில் பதினான்கு நாளையும் அழகாக எழுதி எடுத்து வந்திருந்தேன். அதை அவள் கையில் கொடுத்தேன். "இதுல இருக்கு பாரு. ஒவ்வொரு நாளும் நாங்க எங்க இருப்போம்னு. பதினஞ்சாம் நாள் கப்பல்."

அவள் அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. நான் இப்போதும் கண்ணை மூடினால் வருவது அந்தத் தெளிந்த முகம்தான். வண்டி புறப்பட்டபோது அக்கா அழவில்லை, கையை ஆட்டினாள். சுற்றி நின்ற மற்ற குடும்பங்கள் ரயில் பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓலம் போட்டன. அப்பா அவர்களைப் பார்த்து, "எதுக்கு இப்படி அழுவுறாங்க?" என்று கேட்டார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

பொல்கஹவெலையில் வண்டி மாறித் தலைமன்னார் போய்ச் சேர்ந்தோம். கடலைப் பார்த்தேன். பிடிக்கவில்லை. மலையில் எங்கே பார்த்தாலும் ஏதாவது ஒன்று கண்ணை நிறுத்தும். இது எதையும் நிறுத்தவில்லை. கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே ராமேஸ்வரம் போய் இறங்கினோம். கோயில் கோபுரம் தெரிந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். தீர்த்தம் ஆட விடவில்லை, வரிசையில் நிற்கவைத்து மண்டபம் முகாமுக்கு அனுப்பினார்கள். ஒரே மாதிரிக் கொட்டகைகள், எங்கள் லயம் போலவே, ஆனால் மணலில்.

மறுநாள் காலை அப்பா குளித்து, திருநீறு பூசி, என் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அதிகாரியின் மேசைக்குப் போனார். நானும் அம்மாவும் பின்னால் நின்றோம். "நாளான்னைக்கு பழனிக்குப் போவணுங்க. பதினஞ்சாம் நாளு கப்பலுக்கு எங்க பதியணும்?" என்று கேட்டார்.

அதிகாரி நல்ல மனுஷர். முதலில் கொப்பியை வாங்கிப் பார்த்தார். நூல் வைத்து அளந்த மைல்களைப் பார்த்தார். பிறகு அப்பாவை ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னார்.

"ஐயா, பழனிக்குப் போகலாம். தாராளமா போங்க, இது உங்க நாடு. ஆனா அங்க திரும்பிப் போக முடியாது. உங்களுக்கு இங்கதான் வேலை குடுப்பாங்க."

"எம்மகளுக்கு மாசியில பிரசவம். அம்மாகாரி போவணுமே."

"அப்போ நீங்க தவணை கேட்டிருக்கணுமே. கடிதத்துல போட்டிருந்துச்சே, மூணாவது பத்தியில. பிரசவம்னா குடுத்திருப்பாங்க."

அப்பா அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு என்மேல் சந்தேகமே தோன்றவில்லை. அம்மாதான் திரும்பினாள்.

"அந்த நிறுத்துன எடத்துல இதுதான் இருந்துச்சா?" என்றாள்.

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். அன்றிலிருந்து என்னை அதட்டவுமில்லை, திட்டவுமில்லை. சாப்பாடு போட்டாள், தலை பின்னிவிட்டாள். அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி கேட்கவே இல்லை.

அப்பா தனியாகப் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். அம்மா போகவில்லை.

நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை என்று சொன்னார்கள். அனுப்புவதற்கு நாளானது. மாசி முழுக்க அந்த மணலில் காத்திருந்தோம். கொப்பியில் நான் மதுரை என்றும் சிதம்பரம் என்றும் எழுதியிருந்த நாட்களிலெல்லாம் தண்ணீருக்கு வரிசையில் நின்றேன். பங்குனி பிறந்து ஒரு வாரம் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அவள் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. அப்பா பழக்க தோஷத்தில் அதை என்னிடம் நீட்டினார். நானும் பழக்க தோஷத்தில் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கப் போனேன்.

"அவ வேணாம்" என்றாள் அம்மா.

கடிதத்தை அவளே வாங்கிக்கொண்டு எதிர்க் கொட்டகைக்குப் போனாள். ஹப்புத்தளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் அங்கே இருந்தார், கொஞ்சம் படித்தவர். அப்பா அம்மாவின் பின்னால் போனார். நான் எங்கள் தட்டிக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். பெண் குழந்தை. இரண்டு நாள் வலி. மதினி மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். குழந்தைக்கு அம்மாவின் மூக்கு. பிறகு பழைய கதைக்குப் போயிருந்தாள். "தங்கச்சி எழுதிக் குடுத்த தாள வச்சு பதினாலு நாளும் நானும் உங்க கூடவே வந்தேன் அம்மா. நீங்க பழனி ஏறுன அன்னைக்கு விளக்கேத்துனேன். பதினேழாம் நாளு அவரத் தெமோதரைக்கு அனுப்பி வச்சேன். மறுநாளும் அனுப்பி வச்சேன். வலி வந்தப்ப..."

பெரியவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார் போலிருக்கிறது. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மீதி சும்மா சுகம் விசாரிச்சு எழுதியிருக்கு தாயி என்றார்.

அம்மாவின் குரல் கேட்டது.

"நிறுத்துன எடத்துலருந்து படிங்க ஐயா. ஒரு வரியும் விடாம படிங்க."